இருநூற்று நாற்பத்தொன்பது

எந்த எண்ணை அழுத்தினாலும் முதலில் ஓர் இருமல்.
அப்புறம் கைகழுவச் சொல்லும் பெண்குரல்.
அதற்கும் அப்புறம்தான்
கடைசி வருசத்துப் பிள்ளைகள்.

நாற்பத்து மூன்று பேர்.
பாளையங்கோட்டையில் விடுதியைப் பூட்டிய அன்று
காயாத துணியைக் கொடியிலேயே விட்டுப் போனவர்கள்.
நான் கல்லூரி ஐக்கியத்தின் பொருளாளர்,
பகலில் அலுவலகத்தில் கட்டண ரசீது அடிக்கிறவள்.
வழியனுப்பு விருந்துக்கென்று என் பீரோவில்
பதினோராயிரத்து முந்நூறு ரூபாய் இருந்தது.
பிரியாணிக்கு முன்பணம் கொடுக்காமல் விட்டது
என் சோம்பல்.
பிற்பாடு அதைக் கிருபை என்றார்கள்.

முக்கூடலில் இசக்கிலட்சுமி எடுத்தாள்.
"பீடிக்கடை பூட்டிக் கெடக்குக்கா, இலை தரல.
அம்மா வெறும் முறத்த மடியில வச்சிட்டு
உக்காந்திருக்கா."
ஜெபிக்கட்டுமா என்று கேட்டேன்.
"ஜெபிங்க. ஆனா மொதல்ல செல்லுக்குக் காசு போடுங்க,
பாதியில கட்டாயிரும்."
சிரித்துவிட்டேன். அவளும்.
ஆமென் சொல்வதற்குள் கட்டானது.

அன்று ராத்திரி நோட்டில் எழுதினேன்:
நாற்பத்து மூன்று பேர்,
தலைக்கு இருநூற்று நாற்பத்தொன்பது.
மீதி ஐந்நூற்றுத் தொண்ணூற்று மூன்று
தாள் கட்டுக்கும் தபாலுக்கும்.

இருபது பேர்தான் அனுமதி, செலவு மிச்சம் என்று
சுரண்டையில் ஒருத்திக்குக் கல்யாணமே வைத்துவிட்டார்கள்.
தாலி ஏறிய மறுநாள் தணிந்த குரலில் சொன்னாள்,
"பழைய நம்பர்லயே போடுங்கக்கா.
அது என் கையில இருக்கு."

வாக்குத்தத்த அட்டைகள் அச்சாகி வந்திருந்தன,
யாரும் கைவைக்காத கட்டு.
மேசையில் கவிழ்த்துப் பரப்பிக்கொண்டு
இடமிருந்து எத்தனையாவது என்று போனில் கேட்டேன்.
"எனக்கும் உண்டாக்கா?" என்றாள்
கடையநல்லூர் ரஹ்மத்நிஷா,
மூன்று வருசத்தில் ஒருநாளும்
எங்கள் கூட்டத்துப் பக்கம் வராதவள்.
"அப்பம் பதினேழு."
பதினேழாவதில் மை பாதிதான் இறங்கியிருந்தது.
மீதியை வாசித்தேனா, சேர்த்துச் சொன்னேனா,
இன்றுவரை தெரியாது.
"நல்லாருக்கு" என்றாள்.

பரீட்சை வந்தபோது புரட்டாசி வெயில்.
நாசரேத்துக்குத் தெற்கே ஒரு தேரிக்காட்டு ஊர்.
மூன்று வீட்டில் காய்ச்சல்,
கோயிலை மறுபடி பூட்டியிருந்தார்கள்.
சிக்னல் இருப்பதோ மணிக்கூண்டில் மட்டும்.
கோயில்பிள்ளை யோவேல்துரை
படிக்கட்டுக் கதவைத் திறந்துவிட்டார்,
ஐயருக்குச் சொல்லாமல்.
பதினொன்றாம் படியில் உட்கார்ந்து
செல்வமெர்சி நுண்பொருளியல் எழுதினாள்.
அவள் இறங்கி வரும்வரை அவர் கீழே
கயிற்றை இறுக்கிப் பிடித்து நின்றாராம்,
காற்று ஆட்டி மணி அடித்துவிடக் கூடாதே என்று.

சேகரத்திலிருந்து படிவம் வந்தது.
ஆத்தும ஆதாயம், எத்தனை பேர்?
பென்சிலால் ஒன்று எழுதினேன். அழித்தேன்.
அழித்த இடத்தில் தாள் மெலிந்து
பின்பக்கத்து எழுத்துத் தெரிந்தது.
அப்படியே உறையிலிட்டு ஒட்டினேன்.

முப்பத்தொன்றாவது பெயர் பேச்சித்தாய்.
கணிதம். மாஞ்சோலை எஸ்டேட் பிள்ளை.
மார்ச்சிலிருந்தே அவள் எண் அணைந்து கிடந்தது.
அதற்கும் போட்டேன்.
இருபத்தெட்டு நாள் முடிந்ததும்
என் சம்பளத்திலிருந்து மறுபடியும், மறுபடியும்.
கிணற்றில் போடுகிறாய் என்றார் வீட்டுக்காரர்.
கிணறு என்றால் சத்தமாவது கேட்கும், நான் சொல்லவில்லை.

ஐப்பசியில் ஒரு சாயங்காலம்
இருமல் முடிந்து மணி போனது.
யாரோ எடுத்தார்கள். ஹலோ இல்லை.
தகரத்தில் மழை விழும் சத்தம்,
பக்கத்தில் ஒரு மூச்சு.
நானும் பேசவில்லை. வைக்கவுமில்லை.
தவணை முடிய
இன்னும் ஒன்பது நாள் இருந்தது.